செடியை யாரிடம் கற்பது? நானாட்டானை முன்வைத்து ஒரு பழைய கேள்வி

2022 யூன் மாதம், எரிபொருள் வரிசைகள் நீண்டுகொண்டிருந்த நாட்களில், இலங்கை அரசு தன் ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தது. வீட்டிலிருந்து தோட்டம் செய்து உணவு பயிரிடட்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மன்னார் மாவட்டத்தின் நானாட்டான் பிரிவில் யூன் என்பது தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலம். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண், மழையில் காலைப் பிடித்து இழுப்பது, அப்போது வெடித்துப் பாளம்பாளமாகக் கிடக்கும். வங்காலைக் கரையோரம் மணலும் உவரும். நாள் கிடைத்தது, விதையும் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். இந்த மண்ணில், இந்த மாதத்தில் எதை நடுவது, எப்படி நிழல் கட்டுவது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதைச் சொல்ல ஆள் வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். செடியை அறிவது கைப்பழக்கத்தால் வருவதா, கண்பழக்கத்தால் வருவதா, பாடமாகப் படித்து வருவதா? தேர்ந்த ஆசான் ஒருவர் அவசியமா, தட்டுத்தடுமாறித் தானே கற்கக்கூடியதா? லண்டனில் 1673இல் தொடங்கிய செல்சி மருந்துத் தோட்டத்தை இருப்பிடமாகக் கொண்டு 1983 முதல் இயங்கிய தோட்டக்கலைப் பள்ளி போன்ற இடங்களில் அண்மைக் காலத்தில் தோட்டவேலை, தாவர ஓவியம், தாவர ஒளிப்படம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் கட்டணத்துக்குக் கற்பிக்கப்பட்டன. ஆனால் நீண்ட காலம் இந்த மூன்றும் வெவ்வேறு ஆட்களின் வேலையாக, வெவ்வேறு கூலிக்கு நடந்தவை. அந்தப் பிரிவினையின் தழும்பு இன்றைய பாடமுறைகளிலும் தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கூட நின்று கற்பது

மிகப் பழைய விடை, செய்பவரின் பக்கத்தில் நின்று செய்து பழகு என்பது. மன்னாருக்கு இதில் தனி வரலாறு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் சாயவேர் திரட்டப்பட்டது. இம்பூறல் என்ற பெயரும் அதற்கு உண்டு. மணல் தரையில் படரும் சிறு பூண்டு, ஊசிபோன்ற இலை, கொத்தாக வெள்ளைப் பூ. மேலே பார்த்தால் ஒன்றுமில்லை. துணிக்குச் சிவப்பேற்றும் சரக்கு முழுக்க நூல்போன்ற வேரில்தான். இழுத்தால் வேர் அறும். மண்ணைக் குத்தி இளக்கி எடுக்கவேண்டும். பயிரிட்ட செடியைவிடத் தானாக முளைத்த செடியின் வேரில் சாயம் கூட என்று சோழமண்டலக் கரையில் தாவரவியலாளர் வில்லியம் ரொக்ஸ்பர்க் எழுதிவைத்திருக்கிறார். எந்தத் தரையில் எந்தப் பருவத்தில் குத்துவது என்பதை வேர் குத்துவோர் பெரியவர்களோடு போய்த்தான் பழகியிருக்க முடியும். வேறு பள்ளிக்கூடம் அதற்கு இருந்ததில்லை.

இந்த வழியின் வலு, உடம்பு முழுவதையும் பயன்படுத்துவது. மன்னார்க் காட்டில் பாலையும் வீரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டும் தடித்த பச்சை இலை, இரண்டும் வறட்சிக்கு அசையாதவை. பழக்கமில்லாத கண்ணுக்கு வேறுபாடு பிடிபட நேரமாகும். இலைக்காம்பைக் கிள்ளிப் பார்க்கச் சொல்வார் தெரிந்தவர். பால் கசிந்தால் பாலை. பழக்காலத்தில் அதுவும் தேவையில்லை, பாலைப்பழம் மஞ்சள், வீரைப்பழம் சிவப்பு. ஒரு விரல் அசைவில் முடியும் பாடம் இது.

பலவீனங்களையும் மறைக்கக்கூடாது. சாயவேர் குத்துவது விருப்பத் தொழிலாக இருக்கவில்லை. குறிப்பிட்ட சாதியார்மேல் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. ஆசான்-சீடர் மரபைப் புகழ்பவர்கள் அந்த மரபில் யார் விலகிப்போக முடியாமல் இருந்தார் என்று கேட்பது குறைவு. அடுத்தது, தொழிலோடு ஒட்டிய அறிவு தொழிலோடு போய்விடுகிறது. செயற்கைச் சிவப்பான அலிசரின் 1869 அளவில் ஐரோப்பாவில் உருவானபின் சாயவேருக்குச் சந்தை இல்லை. சந்தை போனபின் அதை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க ஒருவருக்கும் காரணம் இல்லை.

பள்ளித் தோட்டமும் போதனாசிரியரும்

இரண்டாவது விடை, இதைப் பாடமாக்கு என்பது. ஜெர்மனியில் பிரீட்ரிக் ஃபுரோபெல் 1840இல் தன் பள்ளிக்குச் சிறுவர் தோட்டம் என்று பெயர் வைத்தபோது அதில் உண்மையான பாத்திகளும் இருந்தன. இலங்கையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாடசாலைத் தோட்டங்கள் அரசுத் திட்டமாகின. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. 2011இல் தொடங்கிய ‘வாழ்வின் எழுச்சி’ திட்டம் வீட்டுத்தோட்டத்தை நாடளாவிய இயக்கமாக்க முயன்றது. இன்று சாதாரண தரத்தில் விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் ஒரு பாடம். ஊரில் கமநல சேவை நிலையமும் விவசாயப் போதனாசிரியரும் உண்டு.

இந்த ஏற்பாட்டின் குறை பெரும்பாலும் ஆசிரியரின் திறமையில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. மன்னாரில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் திசெம்பர் வரை. மழையோடு விதைத்தது காய்க்கும் முன்னே, திசெம்பரில் பள்ளி ஆண்டு முடிகிறது. ஓகஸ்ட் விடுமுறையில், வெயிலும் காற்றும் கடுமையான மாதத்தில், தண்ணீர் விட ஆளில்லை. மாணவர் நட்டதன் பலனை மாணவரே காணாத ஒரு பாடத்தில் மீதமிருப்பது பரீட்சை மட்டுமே.

போதனாசிரியர் முறைக்கு வேறொரு எல்லை. அவருடைய பொறுப்பு விளைச்சல். நெல், கத்தரி, மிளகாய், பயிற்றை பற்றி அவரிடம் கேட்கலாம். 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயத்தின் சேற்றுத் தரையில் கணுக்கணுவாய் நிற்கும் உமரியும் நீரோரத்துக் கண்ணாவும் அவருடைய கோப்பில் வரா. தாவர அறிவைப் பயிர் அறிவாகச் சுருக்குவது அரசுத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பழக்கம்.

தூரிகையின் வாதம்

மூன்றாவது விடையை ஓவியர்கள் சொல்கிறார்கள். வரையாதவன் செடியைப் பார்ப்பதில்லை என்பது அதன் கடுமையான வடிவம். 1857இல் ஜோன் ரஸ்கின் எழுதிய ஓவியப் பாடநூல் இந்த நிலைப்பாட்டுக்குப் புகழ்பெற்ற உதாரணம்: நல்ல படம் வரையச் செய்வதைவிடக் கண்ணைப் பழக்குவதே அவர் நோக்கம்.

தாவர ஓவியத்துக்கு அடிப்படையாக ஒரு தந்திரம் உண்டு. அது ஒரு செடியின் உருவப்படம் அல்ல. மார்ச்சில் கண்ட பூவும் யூலையில் கண்ட காயும் ஒரே தாளில் வரும்; பூவைப் பிளந்த வெட்டுமுகம், சூலகத்தின் அறைகள், இலையின் அடிப்பக்கம் எல்லாம் பக்கத்தில் அடுக்கப்படும். பூச்சி தின்ற இலை நல்ல இலையாகத் திருத்தப்படும். இயற்கையில் ஒருநாளும் ஒன்றாகத் தெரியாதவற்றை ஒன்றாகக் காட்டுவதால்தான் தாவரவியலாளர் அதை நம்புகிறார். இந்தத் தேர்வை யாரோ ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டும். எதை விடுவது என்பது கண்ணுக்குத் தானாகத் தெரிவதில்லை.

இலங்கையின் தாவரவியலே இப்படி உருவானதுதான். 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவர் போல் ஹெர்மன் திரட்டிய உலர்செடிகளையும் ஓவியங்களையும் வைத்து, இந்தத் தீவை ஒருநாளும் காணாத லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். ஒரு பாத்திகூட வெட்டாமல் ஒரு நாட்டின் தாவரங்களுக்கு ஒழுங்கு கற்பிக்க முடிந்தது என்பது தூரிகைக்காரர் வாதத்துக்கு ஆதாரம். கைப்பழக்கக்காரர் இதையே எதிர்ச்சான்றாகவும் காட்டலாம்.

1821இல் அலெக்சாண்டர் மூன் பொறுப்பில் பேராதனைத் தோட்டம் தொடங்கியபின் அங்கே ஓவியராகச் சேர்ந்தவர் ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதிபர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள், அவர் வரைந்துகொண்டிருந்தார். மகன்களும் அதே வேலைக்கு வந்தார்கள். 1893 முதல் 1900 வரை ஐந்து பகுதிகளாக வந்த, தாவரவியலாளர் ஹென்றி ட்ரைமனின் இலங்கைத் தாவரக் கைந்நூலுக்கான 100 படங்கள் இந்தக் குடும்பத்தின் உழைப்பு. நூல் ட்ரைமனின் பெயரில் நிற்கிறது. அவர் 1896இல் இறந்தபின் அதை முடித்த ஜோசப் ஹூக்கரின் பெயரும் கூட வருகிறது.

கடலுக்கு அக்கரையிலும் இதே கதை. சென்னை மாகாணத்தில் தாவரவியலாளர் ரொபர்ட் வைட்டுக்கு முதலில் ரங்கையாவும் பிறகு கோவிந்துவும் வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை வந்த வைட்டின் பெருந்தொகுப்பில் 2000க்கு மேற்பட்ட படங்கள். தஞ்சை ஓவிய மரபிலிருந்து வந்தவர்களாக இவர்கள் இருக்கலாம் என்று பிற்கால ஆய்வு கருதுகிறது. அப்படியென்றால் அவர்களுக்கு ஆசான் இருவர்: கோட்டையும் வண்ணத்தையும் கற்றுக்கொடுத்த மரபு ஒன்று, எந்த உறுப்பை வெட்டிக் காட்டவேண்டும் என்று சொன்ன வைட் இன்னொன்று. வைட் நன்றியாக ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்று பெயரிட்டார். பின்னர் அந்தச் செடி வேறு பேரினத்தில் சேர்க்கப்பட்டது. வகைப்பாட்டு விதிகளின்படி அது சரியான திருத்தம்தான். ஓவியரின் பெயர் மட்டும் அதோடு வழக்கொழிந்தது.

ஆசான் இல்லாமலும் முடியும் என்பதற்கு மரியன் நோர்த்தைக் காட்டுவது வழக்கம். முறையான பயிற்சி அதிகமில்லாமல் உலகைச் சுற்றி எண்ணெய் வண்ணத்தில் தாவரங்களை அவை வளரும் இடத்திலேயே தீட்டியவர். 1882இல் லண்டனின் கியூ தோட்டத்தில் அவருக்கென ஓர் ஓவியக்கூடம் திறந்தது. இந்த உதாரணத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அவருக்குச் சொத்து இருந்தது, கடிதம் கொடுத்து அனுப்பும் நண்பர்கள் இருந்தார்கள், ஹூக்கரிடம் கேட்டுத் தெளிய வாய்ப்பு இருந்தது. தானே கற்றவர் என்று சொல்லப்படுபவர்களில் எத்தனை பேர் உண்மையில் தனியே கற்றார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

உளவியல் பக்கமும் கொஞ்சம் சான்று தருகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸ் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களை எழுதியவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்களுக்கு நினைவு கூடுதலாக நின்றது. வரைபவர் கைத்திறன் உள்ளவரா என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. சோதிக்கப்பட்டவை சொற்கள், செடிகள் அல்ல. அதைத் தாவரக் கல்விக்கு நேராக எடுத்துக்கொள்வதில் எச்சரிக்கை வேண்டும்.

கமரா வந்தபின்

ஒளிப்படம் ஓவியரின் வேலையைத் தின்றுவிடும் என்று பலரும் நினைத்தார்கள். அன்னா அட்கின்ஸ் 1843இலேயே பாசிகளை நீலப் பதிவுகளாக வெளியிடத் தொடங்கினார். ஆனால் தாவரவியல் நூல்கள் இன்றும் கோட்டோவியத்தைக் கைவிடவில்லை. திருச்சி ரப்பினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மத்தியூ அடிகளார் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரங்களுக்கு 1982இல் தனிப் படத்தொகுதியே கொண்டுவந்தார். கமரா மலிந்த காலம் அது. காரணம் முன்னே சொன்னதுதான். ஒளிப்படம் ஒரு செடியின் ஒரு கணம். வகையைக் காட்ட அது போதாமல் போகிறது.

ஆனால் கமராவைப் பற்றிய இந்தத் தீர்ப்பு அவசரமானது. கார்ல் புளொஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானியரின் 1928ஆம் ஆண்டுப் படநூல் இன்று கலைநூலாகப் போற்றப்படுகிறது. அவர் தொழில் ஒளிப்படக்காரர் அல்லர், பேர்லினில் ஒரு கலைப் பள்ளி ஆசிரியர். முளைகளையும் தண்டுகளையும் வெட்டி, நேராக்கி, பல மடங்கு பெருக்கிப் பிடித்தது மாணவர்கள் பார்த்து வடிக்கட்டும் என்றுதான். நல்ல தாவர ஒளிப்படமும் தேர்வும் வெட்டும் ஒழுங்கும் கொண்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மன்னார் வெயிலில் இது எப்படி இருக்கும்? நண்பகலில் வெள்ளைப் பூ எதை எடுத்தாலும் வெளுத்துப்போகும், இதழின் நரம்பு தெரியாது. ஓர் அட்டையைப் பிடித்து நிழல் போட்டால் பாதி சரியாகும். சோளகம் வீசும்போது தண்டு நில்லாது. காலை ஏழு மணிக்கு முன் போகவேண்டும், அல்லது தண்டை ஒரு குச்சியில் சாத்தவேண்டும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை உல்லாசப் பயணிகள் எல்லோரும் எடுக்கிறார்கள், அடிமரத்தின் பருமன்தான் படத்தில் வரும். அந்த இனத்தின் பூ மாலையில் விரிந்து மறுநாளே வாடுவது. பகல்நேரக் கமராவுக்கு அது அகப்படுவதில்லை. இலையின் அடிப்பக்கம், பட்டை, அளவு தெரிய ஒரு நாணயம் என்று நாலைந்து கோணம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தாலே கைத்தொலைபேசிப் படம் ஆவணமாகிவிடும். சொல்லிக்கொடுக்காவிட்டால் அது வெறும் பூப்படம்.

லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் செய்து 2014இல் வெளியிட்ட சோதனை அடிக்கடி மேற்கோளாகிறது: படம் எடுத்த பொருட்களைவிட வெறுமனே பார்த்த பொருட்கள் நன்றாக நினைவில் நின்றன. கமராவை எதிர்ப்போர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு பகுதியை நெருக்கி எடுத்தவர்களிடம் அந்த இழப்பு காணப்படவில்லை என்பது அதே ஆய்வின் மற்றப் பாதி. 2008இல் தொடங்கிய ஐநெச்சுரலிஸ்ட், 2013இல் வந்த பிளான்ட்நெட் போன்ற செயலிகள் பெயரைச் சொல்லிவிடுகின்றன. கிள்ளினால் பால் வருமா என்று கேட்பதில்லை. நிறையப் படம் சேர்ந்த இனங்களில் அவை தேர்ந்தவை. படம் குறைந்த வறண்ட வலயச் செடிகளில் அதே நம்பிக்கையோடு அவற்றை எடுக்கமுடியாது.

வல்லுநர் என்பவர் யார்?

தோட்டவேலை, ஓவியம், ஒளிப்படம் மூன்றையும் ஒப்பிடும் எழுத்துகள் தொடாத கேள்வி இது. பேராதனை ஈரமலைச் சாரலில் இருக்கிறது. தோட்டக்கலை என்று இலங்கையில் இரண்டு நூற்றாண்டாகக் கற்பிக்கப்பட்டதில் பெரும்பங்கு அந்த மழையில், அந்த மண்ணில் சோதிக்கப்பட்டது. வறண்ட வலயத்துக்கென மிரிஜ்ஜவிலவில் தாவரவியல் பூங்கா திறந்தது 2013இல்தான், அதுவும் தெற்கே அம்பாந்தோட்டையில். பேராதனையில் பயின்றவர் முருங்கன் களியிலும் வங்காலை மணலிலும் பாதி வல்லுநர் என்றே சொல்லவேண்டும். ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் சில கிலோமீற்றர் இடைவெளியில் மண் தலைகீழாக மாறும் இடம் இது.

மறுபக்கத்தில், ஊரறிவை மொத்தமாக உயர்த்திப் பேசுவதும் இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. ட்ரைமனின் நூலில் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன. அவற்றை யாரோ ஊர்மக்கள்தான் சொல்லியிருக்கவேண்டும். சொன்னவர்களின் பெயர் அச்சேறவில்லை. அந்த அநியாயத்தை ஒப்புக்கொள்வது வேறு, ஊரில் சொல்லப்படுவதெல்லாம் சரி என்பது வேறு. ஊர்ப்பெயர் ஒன்றே இரண்டு செடிக்கு நிற்பதும் உண்டு, ஒரு செடி ஊருக்கொரு பெயரில் நடமாடுவதும் உண்டு. பயனில்லாத செடிக்குப் பெரும்பாலும் பெயரே இருப்பதில்லை. 1999இல் ஜேம்ஸ் வாண்டர்சியும் எலிசபெத் ஷுஸ்லரும் தாவரக் குருட்டுத்தனம் என்று பெயரிட்ட குறை நகரத்தாருக்கு மட்டும் உரியதல்ல. அந்தப் பெயரே மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்துகிறது என்று பின்னாளில் எழுந்த மறுப்பு நியாயமானது. அது சுட்டிய குறை அப்படியே இருக்கிறது.

என் கணிப்பில், வடமாகாணத்தில் மூன்றிலும் அதிகம் புறக்கணிக்கப்பட்டிருப்பது ஓவியம். தோட்டத்துக்குத் திட்டங்கள் வருகின்றன, கமரா எல்லோர் கையிலும் இருக்கிறது. சித்திரப் பாடமும் உயிரியல் பாடமும் ஒரே பள்ளியில் வெவ்வேறு அறைகளில் நடக்கின்றன. உயர்தர மாணவர் பென்சிலால் பூவின் வெட்டுமுகம் வரைகிறார், அது பெரும்பாலும் புத்தகப் படத்தின் நகல். ஒரு தாளும் பென்சிலும் கைவில்லையும் போதும் என்பதால் செலவைக் காரணம் சொல்லவும் இடமில்லை.

தீராமல் நிற்பவை

எது முதலில் என்பதில் உடன்பாடில்லை. கை பழகியபின் கண் வரட்டும் என்பவர்களும், வரைந்து பழகினால் தோட்டத்தில் நோயை முன்கூட்டிக் காணலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் காட்டும் ஆய்வுகள் வகுப்பறையிலும் அருங்காட்சியகத்திலும் குறுகிய காலத்துக்கு நடந்தவை. ஒரே மாணவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால் அன்றி இது தீராது.

நேருக்கு நேர் ஆசான் எந்த அளவுக்குத் தேவை என்பதும் முடிந்துவிடவில்லை. நிழல் போடும் அட்டையையும் வெட்டுமுகத்தையும் காணொளியில் கற்றுவிடலாம். களிமண்ணின் ஈரம் மண்வெட்டிக்கு ஏற்ற பதத்தில் இருக்கிறதா என்பதைக் காணொளி இதுவரை சொல்லித்தரவில்லை. இடையில் உள்ளவை எந்தப் பக்கம் சேரும் என்பதில் துணிந்து எழுதுபவர்களை நம்புவது கடினம்.

கடைசியாக, ஊதியம். இந்தப் பகுதியில் ஒரு பயிற்சி தொடங்கினால் அது ஒக்டோபர் மழையில் தொடங்கி ஓராண்டு முழுவதும் போகவேண்டும், களிமண்ணிலும் உவர்த்தரையிலும் மாறிமாறி நடக்கவேண்டும் என்பதுவரை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தாவரவியல் பட்டதாரியும், காடறிந்த முதியவரும், ஓவிய ஆசிரியரும் அதில் சேர்ந்து கற்பிக்கவேண்டும் என்றும் சொல்லலாம். சான்றிதழ் இல்லாத முதியவரை அரசு விதிகளின்படி வருகைதரு விரிவுரையாளர் என்று எழுதிச் சம்பளம் கொடுக்க முடியுமா, அல்லது போக்குவரத்துப் படியோடு அனுப்பிவிடுவார்களா என்ற இடத்தில் விவாதம் நிற்கிறது.